டிரைவர் ஏறாத ரயில்

சாப்பாட்டு மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, இரண்டு டம்ளர் என்று மூலைக்கொன்றாக வைத்து அழுத்திவிட்டு, அவள் பேனாவும் கையுமாகக் குனிந்திருந்தாள். பஸ்ஸுக்கு நீலக் கோடு, ரயிலுக்குச் சிவப்பு, நடைக்குப் பென்சில் புள்ளி. பெருநகரத்தைச் சுற்றிப் பார்க்க ஆறு நாள். மூன்று வருடம் இழுத்தடித்து இப்போதுதான் அவள் கணவருக்கு லீவு கொடுத்திருந்தார்கள்.

"ஒரு காரை எடுத்துட்டா சோலி முடிஞ்சுதுடி. நானே ஓட்டறேன்," என்றார் அவர். டவுன் பஸ் டிரைவர்.

"ஒண்ணும் வேண்டாம். முப்பத்தொரு வருஷமா தினம் கேக்கறேன், இன்னைக்கு என்ன பாத்தீங்கன்னு. ஒரு நாளாவது 'ரோடு'ங்கறதைத் தவிர வேற பதில் வந்திருக்கா?"

"ரோட்டைப் பாக்காம ஓட்டினா, அப்புறம் நீ என்னைப் பேப்பர்லதான் பாப்பே."

"அதனாலதான் சொல்றேன், டிரைவரே. இந்த ஒரு தடவை பக்கவாட்டுல பாருங்க. ஊருன்னு ஒண்ணு அங்கதான் இருக்கு."

தூறல் போட்டது. கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனாள். வெகுநேரமாகியும் இறங்கி வரவில்லை. அவர் ஏறிப் போனபோது பாதித் துணி கொடியில் இருந்தது. மீதியைக் கையில் பிடித்தபடி அவள் தரையில் கிடந்தாள். இதயம் என்று மருத்துவமனையில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

நான்கு மாதம் அந்த வரைபடத்தை மடிக்க அவருக்குக் கை வரவில்லை. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சர்க்கரை டப்பாவைத் தானே தூக்கி நகர்த்தினாள்.

"கிளம்புங்கப்பா. அம்மா போட்ட கோடு அப்படியே இருக்கு. நாம ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடலாம்."

கிளம்பினார். மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மனைவிக்குப் பதிலாக அந்த ஊரைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முதல் நாள் நீலக் கோட்டில் போனார்கள். டிரைவருக்கு நேர் பின்சீட் காலியாக இருந்தது, அங்கே உட்கார்ந்தார். மறு நிமிடமே வலது கால் தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. சிக்னல் மஞ்சளானால் மிதித்தது. முன்னால் ஒரு சைக்கிள் நெளிந்தால் மிதித்தது.

"அப்பா, தரையில ஓட்டை போட்டுடப் போறீங்க."

"கிளட்ச்சை எப்படித் தேய்க்கிறான் பாரும்மா. பாவம் வண்டி."

"இந்த பஸ்ல கிளட்ச்சே கிடையாதுப்பா."

அவர் வாயை மூடிக்கொண்டார், காலை நிறுத்த முடியவில்லை. இறங்கியதும் மகள் கேட்டாள்: "இப்ப இடது பக்கம் பெருசா ஒண்ணு வந்துச்சே, என்னது?"

"பஸ் ஸ்டாப்."

"அதுக்குப் பின்னாடி?"

அவர் திரும்பி வந்த வழியைப் பார்த்தார். அது ஒரு தெருவையே அடைத்து நின்ற கண்ணாடி மாளிகை என்றும், உள்ளே மரங்கள் வளர்ந்து கூரையைத் தொட்டன என்றும் மகள் சொன்னாள். குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லாததே அவருக்கு அதிகமாகச் சுட்டது. அன்று பூராவும் அப்படித்தான் போயிற்று. ஊர் அவருடைய இரு காதுகளையும் உரசிக்கொண்டு போனது. கண்ணுக்குள் நுழைந்தது ரோடு மட்டும்.

மறுநாள் சிவப்புக் கோடு. தூண்களின் மேல் ஓடும் ரயில். ஏறியதும் பழக்கதோஷத்தில் முதல் பெட்டியின் முன்னால் போனார். ஓட்டுகிறவனின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டால்தான் அவருக்கு எந்த வண்டியிலும் நிம்மதி. அங்கே அறையும் இல்லை, ஆளும் இல்லை. அகலமான கண்ணாடி, அதன் பக்கத்தில் இரண்டு இருக்கை. கதவு மூடியது, வண்டி நகர்ந்தது.

அவர் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அமுக்கினார்.

"சொல்லுங்க, என்ன ஆச்சு?" ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்.

"டிரைவர் ஏறலைங்க! பிளாட்பாரத்துலயே விட்டுட்டு வண்டி கிளம்பிடுச்சு!"

பெட்டியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஐயா, இந்த வண்டிக்கு டிரைவர் கிடையாது."

"கிடையாதுன்னா? லீவா?"

"ஆரம்பத்துலேர்ந்தே கிடையாதுங்க. தானா ஓடுது. நான் இங்க திரையில பாத்துக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான்." குரல் கொஞ்சம் இளகியது. "நீங்க என்ன, டிரைவரா?"

"டவுன் பஸ். முப்பத்தொரு வருஷம்."

"நெனச்சேன். உங்க ஆளுங்கதான் இந்தப் பொத்தானை அமுக்குவாங்க. மத்தவங்க கண்ணுல இது படறதே இல்ல. பயப்படாம உக்காருங்கய்யா. அடுத்த வளைவு தாண்டினதும் ஆறு வரும், பாருங்க."

உட்கார்ந்தார். தண்டவாளம் வளைந்து வந்தது. வலது கால் எழும்பி, மிதிக்க ஏதுமின்றி, யாரையும் காப்பாற்றும் பொறுப்புமின்றி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லத் தரையில் இறங்கிப் படுத்துக்கொண்டது. அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பினார்.

ஆறு ஒரேயடியாக விரிந்தது. பாலத்துக்குப் பின்னால் பாலம். ஏழு வரை எண்ணினார், அதற்கப்பால் பனியில் கலங்கிவிட்டது. அக்கரையில் கட்டடங்கள் மேகத்துக்குள் தலையைக் கொடுத்து நின்றன. வண்டி அவற்றின் இடுப்பளவு உயரத்தில் ஊடே புகுந்தது. ஒரு ஜன்னலில் ஒருவர் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரு பெண் ஸ்டூலில் ஏறித் திரைச்சீலை மாட்டினாள். இருபதாவது மாடியில் ஒரு நாய் அவரையே பார்த்தது. ஜன்னலுக்கு மேல் ஜன்னல், அதற்கும் மேல் ஜன்னல். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், ஒரு வேலை, ஒரு சண்டை. கொடிகளில் துணி காய்ந்தது. மனிதர்கள் இவ்வளவு பேரா? இவர்களையெல்லாம் யார் ஏற்றி, யார் இறக்கி, எப்படி நேரத்துக்கு வீடு சேர்க்கிறார்கள்? வாய் தானாகத் திறந்துகொண்டது. அதை மூட வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

"ஏய், அங்க பாருடி," என்றார். "கிரேன் மேல கிரேன் நிக்குது. அந்த உச்சியில ஒருத்தன் உக்காந்து டிபன் பாக்ஸைத் திறக்கறான் பாரு!"

மகள் திரும்பினாள். பிறந்ததிலிருந்து அப்பா அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து, இருவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டாள்.

கடைசி நிலையத்தில் அவர்கள் இறங்கவில்லை. அதே வண்டியில் திரும்பினார்கள். மீதி நான்கு நாளும் தினம் ஒரு நடை அதில் போனார்கள். அந்தப் பாதையில் மொத்தம் முப்பத்தெட்டு நிலையம். கூட்டம் பிதுங்கும் காலையிலும் சரி, ஏற யாருமில்லாத, இறங்க யாருமில்லாத மதியத்திலும் சரி, ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கும், கதவுகள் திறக்கும். அவர் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டு நொடி திறந்திருக்கும். துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிற ஒருத்தி ஏறிக்கொள்ள அது போதும்.