கொத்தனார் வீட்டுத் துவைகல்

ஏரி நீர் யாருக்கு உரியது என்று முன்னோர் வெட்டிவைத்த கல் இரண்டாக உடைந்திருந்தது. மண்டபத்தில் நின்ற மேற்பாதியில், 'இவ்வேரியின் நீர்' என்பதோடு வாசகம் முடிந்தது. கீழ்ப்பாதி கிடைத்தால் பக்கத்து ஊர் தொடுத்த வழக்கை முறியடிக்கலாம். கிடைக்காவிட்டால் இந்த முப்பது வீடுகளும் கோடையில் குடத்தோடு அலைய வேண்டியதுதான்.

கல்வெட்டுப் படிக்க வந்த அம்மையார் ஊரையே தேடச் சொன்னார். எல்லாரையும் முந்திக்கொண்டு கிளம்பியவர் கொத்தனார்.

"கல்லுன்னா எங்க மச்சானுக்குக் கழுகு மாதிரி மூக்கு வேர்த்துடும்" என்று சிரித்தார் மடைக்காரர்.

கொத்தனார் கூட்டத்தை வடக்கே, முட்காட்டுக்குள் நடத்திச் சென்றார். அவர் வீடு தெற்கே இருந்தது.

பதினோராண்டுகளுக்கு முன் அந்தப் பாதியை வண்டியேற்றி வந்து துவைகல்லாகப் பதித்தவர் அவர்தான். எழுத்துப் பள்ளங்களில் அழுக்குத் தங்குவதாக மனைவி குறைபட்டாள். மூன்று நாள் உட்கார்ந்து, உளியால் கொத்தி, மணலிட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார். வேலை கொடுக்க வருவோரிடம் அதைத்தான் காட்டுவார்.

நண்பகலில் மடைக்காரரின் குதிகாலில் முள் ஏறியது. கொத்தனார் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன மச்சான், வலி எனக்கு, நடுக்கம் உனக்கா?"

முள் வெளியே வந்தது. கொத்தனார் நிமிரவில்லை.

"கல்லு எங்க வீட்டுல இருக்கு."

கூட்டம் தெற்கே திரும்பி வீட்டுக்கு வந்ததும், கொத்தனாரின் மனைவி துவைகல்லிலிருந்த ஈரத்துணிகளை அள்ளிக்கொண்டு விலகினாள். அம்மையார் கல்லைக் கழுவி, தாளை ஒற்றி, மை தடவினார். தாள் முழுதும் ஒரே கறுப்பு. ஓர் எழுத்தும் விழவில்லை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"யார் செஞ்சது? ஒரு கீறல்கூட விடலையே."

இத்தனை ஆண்டுகளாக ஊரார் சொல்லிவந்த பாராட்டும் அதே சொற்களில்தான் இருந்தது.

"நான்தாம்மா."

அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "வெயில்லயும் மழையிலயும் தேஞ்சதுன்னு எழுதிடவா?"

கொத்தனார் சுற்றிலும் பார்த்தார். மடைக்காரர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. அப்படி எழுதினா, இதுல எழுத்தே இருந்ததில்லன்னு பக்கத்து ஊர்க்காரங்க சாதிப்பாங்க. எட்டு வரி இருந்துச்சு. என்னன்னு படிக்கத் தெரியாது. ஆனா வரி வரியாத்தான் கொத்தி எடுத்தேன். அதையே எழுதுங்க."

அம்மையார் எழுதினார். எழுதி முடித்து, கொத்தியவர் பெயரைக் கேட்டார். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொத்தனாரே சொல்ல வேண்டியிருந்தது.