பெட்டியோடு வருகிறவள்

வைத்திக்குப்பத்தில் சிவசங்கரியை எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவள்தான், ஆனால் ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதித் தர முடியாத டாக்டர். விழித்திரை கெட்டுப்போகிற பரம்பரை நோயை ஆராய்கிறவள். முதலில் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது, பிறகு பக்கவாட்டில் இருப்பது மறையும், கடைசியில் ஒன்றுமே தெரியாது. இதை எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பாளோ! ஆரம்பத்தில் சொல்லிவிட்டு வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று அழுவாள். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொல்லி, "மருந்து இன்னும் இல்லைங்க" என்று முடித்துவிடுவாள். மரத்துப்போச்சு, அவ்வளவுதான்.

வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் குப்பத்துக்கு வருவாள். அப்போதுதான் ஆம்பிளைகள் கரையில் கிடைப்பார்கள். ரத்தக் குழாய் வைக்கிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மீன் விற்கிற செல்வாம்பாள் வீட்டுக்குப் போவாள். செல்வாம்பாளின் அப்பா நாற்பது வயதுக்குள் குருடானவர். தம்பி கோவிந்தராசுக்கும் அதே நோய். விடியுமுன் கடலுக்குப் போக முடியாமல், பகலில் படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறான். சிவசங்கரியின் ஆராய்ச்சி முழுக்க இந்த ஒரு குடும்பத்தின் ரத்தத்தில்தான் நின்றது.

2007-இல் முடிவு கைக்கு வந்தது. கோவிந்தராசுக்குக் கெட்ட மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும். செல்வாம்பாளின் மகள் பூர்ணிமாவுக்கு ஒரு பக்கமிருந்து மட்டும். அவளுக்கு ஒன்றும் வராது, ஆனால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அதே வாரம் செல்வாம்பாள் போன் செய்தாள். வைகாசியில் பூர்ணிமாவுக்கும் அவள் தாய்மாமன் கோவிந்தராசுக்கும் கல்யாணமாம், அவசியம் வந்துடணுமாம்.

ஆராய்ச்சித் தலைவர் ஜானகிராமனிடம் போய்ச் சொன்னாள். பிறக்கிற பிள்ளைகளில் பாதிக்குப் பாதி பேருக்குக் கண் போகும், சார்.

"தனித்தனியா யாருக்கும் ரிசல்ட் சொல்றதில்லைன்னு மொதல்லயே பேசியிருக்கோம்மா. அவங்க கோவிச்சுக்கிட்டா ரத்தமும் போச்சு, பேப்பரும் போச்சு" என்றார் அவர். பெரிய மனுஷர் பேச்சு, வேறென்ன.

சிவசங்கரி பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொல்வது அவளுக்குப் பழகிய வேலை, அதனால் போனாள்.

சாயங்காலம் செல்வாம்பாளையும் பூர்ணிமாவையும் உட்கார வைத்துச் சொன்னாள். அதே பஸ் நேரக் குரல்தான். செல்வாம்பாள் கடைசிவரை கேட்டாள், முகம் மாறவே இல்லை.

"எங்கப்பாவ பாத்தவதான டாக்டரம்மா நானு? மின்னாடி நானும் வேணாம்னுதான் சொன்னேன். பயந்துனு இருந்தேன். இப்ப இன்னா பயம்? நீதான் இருக்கியே."

"நானா?"

"இத்தினி வருசமா ரத்தம் எடுத்துனு போற. சும்மாவா எடுப்பாங்க? இவளுக்குப் புள்ள பொறந்து, அது வளர்றதுக்குள்ள நீ மருந்து கண்டுபுடிச்சிட மாட்டியா?"

"வருஷா வருஷம் மருந்து இல்லைன்னு சொல்லிட்டுத்தானே போறேன்?"

செல்வாம்பாள் சிரித்தேவிட்டாள். "நீ சொல்லுவ. மறுவருசம் பெட்டியத் தூக்கிக்கினு வந்து நிப்ப. மருந்து வராதுன்னா எதுக்கு வர்ற?"

அடிப்பாவி! இந்தக் கல்யாணத்துக்குத் துணிச்சல் கொடுத்ததே தான்தான் என்று சிவசங்கரிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயால் இல்லை என்று சொன்னாள், காலால் உண்டு உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். ஜனங்கள் காலைத்தான் நம்பினார்கள்.

பூர்ணிமா கையை நீட்டினாள். "சீக்கிரம் எடுக்கா. கல்யாண வேல கெடக்குது."

ரப்பர் பட்டையைக் கட்டினாள் சிவசங்கரி. பச்சை நரம்பு எழும்பி நின்றது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பட்டையை அவிழ்த்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"இந்த வருஷம் வேணாம்."

"அப்ப எப்ப வர்ற?"

"இனிமே வரமாட்டேன்."

"கோவமாக்கா?"

"கோவம் இல்ல. மருந்து வராது பூர்ணிமா. உன் புள்ளைக்கு நான் இருக்கேன்னு நம்பி எதையும் செய்யாத."

மரத்துப்போன காலுக்கு உணர்ச்சி திரும்பும்போது குத்துமே, அப்படி நெஞ்சில் குத்தியது. வலித்தது, நன்றாகவே வலித்தது. பூர்ணிமா மூடிய பெட்டியையே பார்த்தாள். ஒரு குழாய்கூட நிறையாமல் அதை மூடியது இதுதான் முதல் தடவை.

"நெசமாவே இல்லியாக்கா?"

"இல்ல."

வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. கோவிந்தராசு படகுகளைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தான். தினமும் இந்த நேரத்துக்குப் பூர்ணிமா ஓடிப்போய்த் தோளைக் கொடுப்பாள். கடைசிப் படகு முடிந்ததும் நின்று, காற்றில் கையை நீட்டி, "பூர்ணி, எங்கடி இருக்கிற?" என்று கூப்பிட்டான்.

பூர்ணிமா எழுந்திருக்கவில்லை.

"பூர்ணி!"

சிவசங்கரிதான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள். ஊசி குத்துவதற்கு அல்லாமல் அதை அவள் தொட்டதே இல்லை.

விரல்களைத் தடவிப் பார்த்தவன் முகமெல்லாம் மலரச் சிரித்தான். "டாக்டரம்மாவா? வந்துட்டியா! இந்த வருசம் வராம போயிடுவியோன்னு நெனச்சேன்."