தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம்

கருத்தரங்க அறையில் விளக்கை அணைத்ததும் திரையில் என் ஊர் வந்தது. ஊர் என்று சொன்னால் என் பேராசிரியருக்குப் பிடிக்காது, ஆய்வுப் பரப்பு என்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அங்கே நடக்கிற உள்நாட்டுப் போரின் வரைபடங்களைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன். செய்தித்தாள்களும் தூதரகங்களும் அதை மூன்று நிறத்தில் வரைகின்றன. அரசுக்கு நீலம், எதிரணிக்குப் பச்சை, யார் கையில் இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குச் சாம்பல். மேலே நின்று இப்படிப் பார்க்கிற கண் யாருடையது, அது யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான் என் ஆய்வு. சாம்பல் பூசிவிட்டால் அங்கே ஆளே இல்லை என்றாகிவிடுகிறது, அப்புறம் குண்டு போடுகிறவனுக்குக் கை கூசுவதில்லை என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.

அக்கா இருப்பது அந்தச் சாம்பலில். தையல் கடை வைத்திருக்கிறாள். நான் படிக்க வெளியே வந்துவிட்டேன். அவள் மிஷினை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டாள். ஒருமுறை போனில் என் ஆய்வை மூச்சு முட்ட விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "துணியைத் தொட்டே பாக்காம அளவு சொல்றானே, அவனைத்தானே திட்டுறே? இதுக்கா மூணு வருஷம்?" என்றாள். நாற்பது பக்கமும் போயே போய்விட்டது. நீ சாம்பல் நிறத்தில் இருக்கிறாய் என்று சொன்னபோது, அந்தக் கலர் தனக்கு எடுப்பாக இருக்காதே என்று சிரித்தாள்.

அதே ஊர்தான், ஆனால் அவள் சொல்கிற வரைபடம் வேறு. தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் காலையில் நடக்கலாம். அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள், அவளைத் தவிர. இரண்டு தரப்பிலும் கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல நான் பரபரவென்று குறித்துக்கொள்வேன்.

பத்தொன்பது நாளுக்கு முன் கடைசியாகப் பேசினோம். தொட்டி இப்போது யார் கையில் என்று கேட்டேன். பள்ளிக்கூடத் தெரு? பாலம்? எனக்கு அத்தியாயத்தை முடிக்கிற அவசரம். பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"தொட்டி எப்படி இருக்கு, பாலம் எப்படி இருக்குன்னு எல்லாம் கேட்டே. நான் எப்படி இருக்கேன்னு கேளுடி."

கேட்க வாயெடுத்தேன். லைன் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் எண் அடிப்பதேயில்லை. கேட்காத அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் பல் தேய்க்கிறேன், பஸ் ஏறுகிறேன், தூங்கப் போகிறேன். அவள் குரலை ஒரு நிமிடம் கேட்டால் போதும், திட்டினால்கூடப் போதும்.

திரையில் இருந்தது நானே வரைந்த படம். என் ஆய்வை மதிப்பிட வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், தன்மையானவர். அவர் கையில் லேசர் பேனா. சிவப்புப் புள்ளி தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுவிட்டு, இந்தப் பக்கம் நகர்ந்து, வெறுமையான ஓர் இடத்தில் நின்றது. இங்கே ஒன்றும் போடவில்லையே, இது என்ன இடம் என்று கேட்டார்.

அச்சில் கசகசவென்று தெரிகிறதே என்று போன மாதம் சின்னச் சந்துகளையெல்லாம் எடுத்துவிட்டிருந்தேன். இப்போதுதான் படம் பளிச்சென்று இருக்கிறது என்று பேராசிரியர்கூடப் பாராட்டினார். எடுத்ததில் எங்கள் சந்தும் ஒன்று. ஊரையெல்லாம் திட்டிவிட்டு, நானும் துணியைத் தொடாமல்தான் வெட்டியிருக்கிறேன். சீ என்றாகிவிட்டது எனக்கு.

"எங்க அக்கா வீடு சார்" என்றேன்.

அவர் வருத்தம் தெரிவித்து ஏதோ சொன்னார். பேனாவை அணைக்க மறந்துவிட்டார். அவர் பேசப் பேச அந்தச் சிவப்புப் புள்ளி, எங்கள் வாசல் இருக்க வேண்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து குறி பார்க்கிறவனுக்கும் இப்படித்தான் தெரியுமோ என்று நினைத்ததும் என்னால் உட்கார முடியவில்லை.

"சார், அதை அங்கேருந்து எடுங்க."

அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து போய்த் திரையில் அந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன். துணி குளிர்ந்திருந்தது. எப்படிக்கா இருக்கே என்று வாய்க்குள்ளேயே கேட்டேன். சிவப்புப் புள்ளி என் புறங்கையில் ஏறி நின்றது.