கொஞ்சம் அட்ஜஸ்ட்

சட்டைப் பையில் இருந்த அட்டைத் துண்டை ஃபிட்டர் மறுபடியும் தொட்டுப் பார்த்தான். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்துபோன துண்டு. முந்தாநாள் ஆளாளுக்கு அலறிக்கொண்டு அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, அவன் செய்த முதல் காரியம் மெஷினின் இடது பொத்தானிலிருந்து இதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டதுதான். அடிபட்டவள் வேறு யாருமில்லை, அவன் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவனே.

டப்பா மூடி வெட்டும் அந்த மெஷினுக்கு இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு ஆயிரம் மூடிதான் தேறும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுப்பா" என்றார் சூப்பர்வைசர். ஒரு பொத்தானில் அட்டையைச் சொருகி அமுக்கியே வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். சொருகிக் கொடுத்தான்.

அந்த வார்த்தை அவனுக்குப் புதிதா என்ன? பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக இடுப்பை நுழைக்கிறவன் சொல்வது அதைத்தான். குழாய் ஒழுகுகிறது என்று போனால் வீட்டுக்காரர் சொல்வதும், கல்யாணச் சட்டை தோளில் பிடித்தபோது தையல்காரர் சொன்னதும் அதேதான். புருஷன் அடிக்கிறான் என்று கொழுந்தியாள் அழுதுகொண்டு வந்து நின்றபோது, குடும்பமே கூடி உட்கார்ந்து அதைத்தான் சொன்னது. அவனும் சொன்னான். அவள் கேட்கவில்லை. புருஷனை உதறிவிட்டு வந்து இந்த மெஷினில் உட்கார்ந்தாள்.

காலையில் மேனேஜர் ஒரு தாளை நீட்டியிருந்தார். "மெஷின் நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடு. உன் தலையும் தப்பும்ல?"

"சாயங்காலம் தரேன் சார்" என்று சொல்லிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். அட்டையை அவளிடம் காட்டிவிடுவது, கையெழுத்துப் போடுவதில்லை என்று வழியெல்லாம் மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டே வந்தான்.

அவள் விழித்திருந்தாள். இடது கை முழுக்கக் கட்டு. உள்ளே மூன்று விரல் இல்லை.

"ஆபீஸ்லேருந்து இப்பதான் வந்துட்டுப் போனாங்க மாமா. என் தப்புதான்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"நீ எதுக்கும்மா..."

"பின்ன? உங்க வேலையும் போச்சுன்னா அக்காவும் புள்ளைங்களும் எங்க போவாங்க? கையெழுத்துப் போட வலது கை இருக்கே." சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. சீ, என்ன மனுஷன் நான் என்று நினைத்தது அதற்குப் பிறகுதான். கை பைக்குள் போனது. அட்டை விரலில் தட்டுப்பட்டது. கை அங்கேயே நின்றது.

"ஏன் மாமா நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க."

அறையில் நாற்காலி இல்லை. அவள் கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் குழந்தையைப் போலத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்தாள். கட்டிலின் ஓரத்தில் ஒரு சாண் இடம் வந்தது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றாள்.

அவன் உட்கார்ந்தான்.