மண்டிக்காரம்மாவின் மிச்சத்துணி

...திருடியாக இருந்தால் திருப்பிக் கொடுப்பாளா, அதுவும் வெட்டின துணியை அப்படியே வாரி எறியாமல் ஒன்றோடொன்று சேர்த்து, ஓரம் மடித்து, போர்த்திக்கொள்கிற மாதிரி தைத்துக் கொடுப்பாளா, கேட்கிறேன், நாளைக்கு மண்டபத்தில் நாலு பேர் நடுவில் கேட்கத்தான் போகிறேன். மேடை ஏறுவேன். கவிப்பிரியாவின் தலையில் கை வைத்து நல்லா இரு கண்ணு என்பேன், கல்யாணப் பெண், அவள் மேல் எனக்கு என்ன கோபம். பிறகு பக்கத்தில் பட்டுச்சேலையில் நிற்பாளே அவள் அம்மா, சென்னம்மாள், தக்காளி மண்டிக்காரர் பச்சியப்பன் பெண்டாட்டி, அவள் பக்கம் திரும்பிப் பையைத் திறந்து இந்தப் போர்வையை உதறி விரிப்பேன். "அக்கா, உங்க துணிங்க எல்லாம் இதுல இருக்குது, ஒரு இணுக்கு கொறையாது, பாத்துக்குங்க." இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது, அம்பிகா, நீளமாகப் பேசினால் உனக்கு அழுகை வந்துவிடும், அழுகிறவள் பக்கம்தான் தப்பு என்று மாரண்டஹள்ளி முடிவு கட்டிவிடும். சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும், சாப்பிடக்கூடாது, பாயசம் எவ்வளவு மணத்தாலும் சாப்பிடக்கூடாது... கரண்ட் போய்விட்டது, போகட்டும், கால் மிஷினுக்குக் கரண்ட் எதற்கு.

என்ன பேச்சு பேசினாள் அன்றைக்கு. பொங்கலுக்கு முந்தின வாரம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் கடையில் நிற்க இடமில்லை, அவசரம் அவசரம் என்று பெண்கள் குவிந்து கிடக்கிறார்கள், இவள் வந்து நான் தைத்துக் கொடுத்த மாம்பழக் கலர் பட்டு ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறாள். "ஏம்மா, நான் குடுத்த துணி எவ்ளோ, நீ தச்சது எவ்ளோ? இது எனக்கா, எம் பொண்ணுக்கா? மிச்சத்த எங்க வெச்ச?" போட்டுப் பாருங்க அக்கா, சரியா இருக்கும் என்றேன், தன்மையாகத்தான் சொன்னேன். "போட்டு வேற பாக்கணுமா? எங்கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" அப்புறம் நான் உட்காரும் ஸ்டூலில் போட்டிருந்த ஒட்டுத்துணி மெத்தையைப் பார்த்துவிட்டாள், அதில் அவளுடைய மயில் கலர் பட்டு ஒரு துண்டு. "இதா இருக்குதே! பாருங்கடி, எம்பட்ட எடுத்து சூத்துக்குக் கீழ போட்டு உக்காந்திருக்கறா. திருடி!" தையல்காரி வீட்டில் வெட்டுத்துணி இல்லாமல் வேறென்ன இருக்கும், இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது மிச்சம் கொடு என்று கேட்டிருக்கிறாளா, கேட்டால் கொடுக்க மாட்டேன் என்றேனா, எந்தத் தையல்காரி கொடுக்கிறாள், எந்தப் பெண் கேட்கிறாள். ஆனால் அன்றிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். ஜாக்கெட்டை வாங்கியதும் பைக்குள் எட்டிப் பார்த்து, "மிச்சத்தயும் போட்டுட்டியா அம்பிகா?" என்று சிரிக்கிறார்கள். விளையாட்டுக்குத்தான். விளையாட்டாக ஒருத்தியைத் தினமும் திருடி என்று சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இந்தப் போர்வையை நான் ஆரம்பித்தது பழி வாங்குவதற்கு இல்லை, அது வேறு கதை, மார்கழிக் குளிரில் போர்த்திக்கொள்ள. எதிர்வீட்டுச் செல்லி வீட்டில் கன்னடம் பேசுவார்கள், அவள் பழைய சேலைகளை அடுக்கி வைத்துக் கவுதி என்று ஒட்டுப்போர்வை தைப்பாள், அதைப் பார்த்து ஆசை வந்து என்னிடம் கிடக்கிற துண்டுகளை வைத்து இரண்டு வரிசை தைத்தேன், அதற்குள் கல்யாண சீசன் வந்துவிட்டது, உரச்சாக்கில் திணித்துப் பரண் மேல் போட்டேன், போட்டதுதான், ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவளுக்குத் தன் போர்வைக்கு நேரம் ஏது. பொங்கல் முடிந்த பிறகு சாக்கை இறக்கினேன். தைத்திருந்த இரண்டு வரிசையையும் பிரித்தேன், மற்றவர்கள் துணியையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அவளுடையதை மட்டும் பொறுக்கினேன். எப்படித் தெரியும் என்றார் இவர், என் வீட்டுக்காரர் மாதையன். நன்றாகக் கேட்டார். பெற்ற பிள்ளை பெயர் மறந்தாலும் நான் கத்தரி வைத்த துணி மறக்காது. இந்தச் செங்கல் கலர் மண்டி திறந்தபோது எடுத்தது, இந்தக் கிளிப்பச்சை அவள் தம்பி கல்யாணத்துக்கு, இந்தக் கத்தரிப்பூ கவிப்பிரியா வயசுக்கு வந்த சடங்குக்கு, எது முந்தி எது பிந்தி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அந்த வரிசையிலேயே மேலிருந்து கீழாகத் தைத்துக்கொண்டு வருகிறேன். வாசலில் டீயை வைத்துக்கொண்டு இவர் முனகுகிறார். "கல்யாண வூட்டுல போயி வம்பு பண்ணாத புள்ள. நாளான்னிக்கு நான் அந்த மண்டிக்குத்தான் லோடு ஏத்தப் போவணும்." நீங்க ஏத்துங்க, நான் விரிக்கறன் என்றேன். பத்திரிகையைக்கூட என் கையில் கொடுக்கவில்லையே அவள், மண்டியில் வைத்து இந்த மாதையனிடம்தானே கொடுத்தாள், குடும்பத்தோட வந்துடு என்று. வருகிறோம், வராமலா.

மேல் வரிசைகள் என் உயிரை வாங்கிவிட்டன. எல்லாம் விரல் அகலத் துண்டுகள், முக்கோணமும் கோணலுமாக, ஒரு சாண் நீளம் சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அப்போதெல்லாம் அவள் உடம்பு அப்படி, சேலையோடு வருகிற ஜாக்கெட் துணி அவளுக்குப் பத்தவே பத்தாது, அக்குளில் ஒட்டுப் போட்டுத்தான் கையைச் சேர்ப்பேன், அந்த ஒட்டு வெளியே தெரியாமல் தைக்க மாரண்டஹள்ளியில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவளே நாலு பேரிடம் சொன்னவள்தான். கீழே வர வர வேலை ஓடியது. கத்தரிப்பூவில் உள்ளங்கை அளவு கிடைத்தது, அதற்கடுத்த ரோஸில் இன்னும் கொஞ்சம், மாம்பழக் கலரில் பார், முழுசாக ஒரு கை வெட்டலாம். நல்லது, நம் பழிக்குக் கடவுளும் கூட இருக்கிறார் என்று சந்தோஷமாக மிதித்தேன். ஆனால் ஏன்? எல்லாம் ஒரே அளவுத் துணிதானே. வருஷம் ஆக ஆக மிச்சம் ஏன் வளர்கிறது? நான் வெட்டுவதில் தேறிவிட்டேனா, சின்ன வயசில் கத்தரி பிடித்தவள், இனிமேல் தேற என்ன இருக்கிறது... சரி, இப்போது எதற்கு அந்த ஆராய்ச்சி, இன்னும் ஒரு வரிசைதான் பாக்கி, நடுவில் ஒன்று வைக்க வேண்டும்.

நடுவில் வைக்க அவளுடைய அளவு ஜாக்கெட் இருக்கிறது. அன்றைக்குச் சண்டையில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவளுக்கு மறந்துபோனது, எனக்கும் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை, அதையும் திருடிவிட்டாள் என்று சொல்லத்தானே போகிறாள். இதை முழுசாகப் பிரித்து நட்டநடுவில் வைத்துத் தைத்தால் மண்டபத்தில் அவளுக்கு மூஞ்சி எங்கே போகும். பிரிக்கலாம் என்று உள்பக்கம் திருப்பினேன். தையல். அதற்கு உள்ளே இன்னொரு தையல். அதற்கும் உள்ளே ஒன்று. எல்லாம் என் தையல்தான், அன்றன்றைக்கு மிஷினில் என்ன நூல் கோத்திருந்ததோ அந்த நூலில், சிவப்பு, பச்சை, வெள்ளை, கடைசியில் கறுப்பு. சிவப்பு நூல் போட்ட நாள் ஞாபகம் இருக்கிறது, பூரித்துப் போய் வந்தாள். "ராகிக் களிதான் சாப்புடறன், வெடிகாலம் நடக்கறன், எளைச்சிட்டன் பாரு அம்பிகா, ரெண்டு பக்கமும் ஒரு பிடி பிடி." இரண்டு பேரும் சிரித்தோம். பச்சைக்குச் சிரிக்கவில்லை, பிடிச்சிடு என்று மட்டும் சொன்னாள். வெள்ளைக்கு ஒன்றுமே சொல்லவில்லை, ஜாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள், நானாகப் புரிந்துகொண்டேன். கறுப்புக்கு அவள் கேட்கவே இல்லை. பட்டுத்துணி கொடுக்க வந்த அன்றைக்குப் போட்டிருந்த ஜாக்கெட் தோளில் வழிந்தது, கை மேல் துணி தொளதொளவென்று ஆடியது, பெண் கல்யாணம் வருகிறது, அம்மாக்காரி அழகாக நிற்கட்டும் என்று நான்தான் கண்ணளவில் இன்னொரு பிடி பிடித்து, அந்த அளவுக்கே மாம்பழக் கலரையும் வெட்டினேன். நல்லதுக்குச் செய்தேன். அதைத்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது எனக்கா எம் பொண்ணுக்கா என்று கத்தினாள்.

மாதையன் டீ டம்ளரை வைக்கிற சத்தம் கேட்கிறது, நான் மிதிப்பதை நிறுத்தி எவ்வளவு நேரமாயிற்று. அப்படியென்றால் அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லி என் பெயரைக் கெடுத்தாள் என்றுதானே இத்தனை மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். இவ்வளவு சின்ன ஜாக்கெட் தன்னுடையதாக இருக்க முடியாது, தையல்காரி துணியைத் திருடித்தான் இருக்க வேண்டும், அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இல்லாவிட்டால் அப்படி நினைக்க ஆசைப்பட்டிருக்கிறாள். போட்டுப் பாருங்க என்றதும் ஏன் அப்படிச் சீறினாள், போட்டால் சரியாக இருந்துவிடும் என்று பயமா? களி சாப்பிட்டு நடந்தால் ஒரு பிடி குறையும், இரண்டு பிடி குறையும், நாலு வருஷமாக நிற்காமல் குறையுமா? பச்சியப்பனுக்குத் தெரியாதா? தினமும் பார்க்கிற கண்ணுக்கு எது தெரியும், சேலை நாலு சுற்று சுற்றி எல்லாவற்றையும் மூடிவிடும், ஜாக்கெட் ஒன்றுதான் உள்ளதைச் சொல்லும். நாளைக்குப் பாலக்கோட்டில் எவனிடமோ தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்பாள், பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்திருப்பாள், சாக்கு மாதிரி தொங்கும், அதைப் பார்த்து வயிறு குளிர வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன். யாராவது சொல்ல வேண்டும் அவளிடம், ஒரு டாக்டரைப் பாருங்க என்று. நானா? கல்யாண மேடையில் என் துணியையே காட்டி எனக்குச் சாவு சொன்னாள் என்பாள், சாபம் விட்டாள் என்பாள்...

விடவில்லையா. அன்றைக்குச் சாயங்காலம் கடையைச் சாத்தின பிறகு, அவள் நின்ற இடத்து மண்ணை ஒரு பிடி வாரி அவள் வீடு இருக்கிற திக்கில் தூற்றினேனே, வாரித் தூற்றி, "அவ ஒடம்பு உருவிப் போவட்டும் மாரியாத்தா" என்றேனே, உடம்பு என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது எனக்கு. போர்வையை இழுத்தேன், மேலிருந்து பார்த்தேன், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, இங்கேதான் துண்டு பெரிதாகத் தொடங்குகிறது, கத்தரிப்பூ சடங்குக்கு எடுத்தது, அது எத்தனை வருஷத்துக்கு முந்தி, நான் மண் தூற்றியது இந்தப் பொங்கலுக்கு. நான் இல்லை. அதற்கு ரொம்ப முந்தியே தொடங்கிவிட்டது. அப்பாடா என்று மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டேன், தாயே, நான் இல்லை. "முடிஞ்சிதா? மடிச்சிக் கவர்ல போடட்டுமா?" என்று இவர் உள்ளே வந்து நிற்கிறார். அப்பாடா என்று சொன்ன அதே நெஞ்சில் இன்னொன்றும் இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது. அட, நான் இல்லையா, என்று ஒரு சின்ன ஏமாற்றம்.