ஐந்தாவது காற்று

தூத்துக்குடிக் கடலின் ஒவ்வோர் அலையிலும் ஒரு மெய்யியல் புரண்டு வருகிறது என்று தொடங்கியது ‘மண்சார் மெய்யியல்’ பாடநூல். எழுதிய பேராசிரியர் ஜெர்சன், கரையில் கட்டிக் கிடந்த தோணியில் படம் எடுக்க ஏறி, கயிறு அவிழ்க்கும் முன்பே வாந்தி எடுத்தவர்.

கடலோடிகள் அவரிடம் சொன்ன காற்றுகள் நான்கு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். ஐம்பூதங்களோடு பொருத்த ஒன்று குறைந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து அவரே ஒன்றைச் சேர்த்தார். மோனக்காற்று, வீசாமலே வீசுவது. துணைவேந்தர் அந்தப் பக்கத்தைப் படித்துக் கண்கலங்கினார். பிறகு ‘ஐந்து காற்றுகள் யாவை?’ என்று அதுவே தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியும் ஆயிற்று.

இப்போது அவர் எதிரில் நின்றாள் ஏஞ்சலின், திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர் ஒருவரின் மகள். இரண்டே மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள்.

“நாலுதான எழுதியிருக்கே. அஞ்சாவது எங்கம்மா?”

“அப்பாகிட்ட கேட்டேன் சார். அப்படி ஒண்ணு கிடையாதுன்னு சொல்லுதாவ. காத்தே அடிக்கலன்னா அதுக்கு எதுக்குப் பேருன்னு சிரிக்காவ.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “துறைமுகத்துல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை சொல்லியிருக்காங்க சார். வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ்னு காட்டணும்.”

ஜெர்சன் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் பொன்னுதுரையைப் போனில் பிடித்தார்.

“விடைக்குறிப்பு தப்புன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இன்னைக்கே பாஸ் போட்டிருதேன்.”

“ஏன் தப்புன்னும் எழுதணுமா?”

“எழுதணும்லா. துணைவேந்தர் கேப்பாருல்லா.”

வெள்ளைத் தாளை எடுத்தார். ‘ஐந்தாவது காற்று’ என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அடுத்த வாரம் டெல்லியில் இந்த நூலுக்கு விருது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மேசைக் கண்ணாடியிடம் பேசினார்.

“நவம்பர்ல ஒருதடவ எழுதிரும்மா. வேலை... வேற கிடைக்கும்.”

ஏஞ்சலின் அழவில்லை. அழுதிருந்தாலாவது அவருக்கு ஆறுதல் சொல்ல ஒரு வேலை கிடைத்திருக்கும். பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“சரி சார். அப்ப அந்த மோனக்காத்த நீங்களே சொல்லுங்க. அப்படியே எழுதிக்கிடுதேன்.”

ஜெர்சன் வாயைத் திறந்தார். அவருக்கு நினைவில்லை. அவளுடைய பாடநூலையே இரவல் வாங்கி, பொருளடக்கத்தில் பக்கம் தேடினார்.