முதல் பத்திரிகை

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் நாலு மணி நேரம். டிக்கெட் எடுத்து உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். இதை என் கணவர் இளம்பரிதியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

படகு எங்களுடையதுதான். வேலை பார்த்த மில் மூடிய பிறகு இவர் தேங்காய்த்திட்டில் படகு பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிரான்ஸ்காரர் ஒருவர் ஓட்டை விழுந்த பாய்மரப் படகு ஒன்றை, நீயே வைத்துக்கொள் என்று இவர் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். புண்ணியவான். அதற்கப்புறம் பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை.

மகள் கவிநிலாவுக்கு மாசியில் கல்யாணம் என்று முடிவானதும், "நான் போறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் ஒரு தடவ படகுல தூரமா போவணும்மா" என்றாள். அப்பாவும் பெண்ணும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுதான் என்று எனக்குத் தெரியாதா? காரைக்காலில் இருக்கும் என் அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கப் படகிலேயே போவது என்று தீர்மானமாயிற்று. தை மாசத்து வாடைக்காற்று முதுகில் தள்ளுமாம். பாயை விரித்தால் போதுமாம்.

அண்ணன் கலியபெருமாள் விஷயம் விளையாட்டு இல்லை. மின்துறையில் வேலை. காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். ஐந்து வருஷத்துக்கு முன் புதுச்சேரி சாரம் பகுதியில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, உள்ளூரில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு, அவனுக்கு மட்டும் நேரமில்லாமல் போனில் சொன்னேன். "ஊருக்கெல்லாம் வச்சிட்டு கடைசியா எனக்கு போன்லயா?" என்று கேட்டுவிட்டு வைத்தான். வரவில்லை. அதன் பிறகு பேசவும் இல்லை. அப்பா அம்மா போன பின்னால் எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவன் ஒருத்தன்தான். தாய்மாமன் இல்லாமல் என் பெண் மணையில் உட்கார்ந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அதனால், முதல் பத்திரிகை அண்ணனுக்கு, அது அவன் கைக்குப் போகும்வரை வேறு யாருக்கும் ஒன்றுகூடக் கிடையாது என்று அவன் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். சாமிக்கு வைத்தது மட்டும் கணக்கில் சேராது.

இதில் ஒரு சிக்கல். நடுவில் கடலூர் இருக்கிறது. கடலூரில் இவருடைய அக்கா அஞ்சலாட்சி இருக்கிறார். பெண்ணுக்குச் சொந்த அத்தை. பேருந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு கடலூரைத் தாண்டிவிடலாம். "கடலூர்ல கால் வைக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். "பக்கத்துலயே போவ மாட்டேன்" என்றார் இவர்.

கிளம்பி மூன்று மணி நேரத்தில் பாயின் தையல் ஒரு முழத்துக்குப் பிரிந்தது. எங்கே? கடலூருக்கு நேர் எதிரே.

துறைமுகத்துக்குள் போய் ஓரமாகக் கட்டிவிட்டு, இவர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையில் சாப்பாட்டுக் கேரியரோடு என் நாத்தனார் வந்து நிற்கிறார். எப்படித் தெரிந்தது என்று கேட்கவே வேண்டாம். ஊசி பிடித்த கையைப் படமெடுத்து, 'கடலூரில் ஒரு சின்ன ஓய்வு' என்று ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார் என் வீட்டுக்காரர். அந்த ஊசியைப் பிடுங்கி அவர் கையிலேயே குத்த வேண்டும்போல இருந்தது.

"பத்திரிகை வைக்கத்தான வந்தீங்க?" என்றார் நாத்தனார்.

"இன்னும் அச்சடிச்சே வரல அண்ணி" என்றேன். இருநூறு பத்திரிகையும் உட்காரும் பலகைக்கு அடியில், பெட்டிக்குள் இருந்தன.

"சரி, ஊருக்கு வந்துட்டு படகுல படுக்கறதா? வீட்டுக்கு வாங்க."

போனோம். கல்யாணத்துக்கு அழைக்காமல் அவர் வீட்டிலேயே வஞ்சிரம் வறுவல் தின்றோம். நான் ஒரு துண்டோடு எழுந்துவிட்டேன். இவர் மட்டும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரும் கூடவே கிளம்பிவிட்டார். "என் தம்பி படகுல நான் ஏறினதே இல்லியே. காரைக்கால்தான, நானும் வரேன்" என்றார். வேண்டாம் என்று யார் சொல்வது? ஏறினார். நாலு பக்கம் பார்த்தார். நேராகப் போய்ப் பெட்டி இருந்த அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்தார்.

"அத்த, இங்க நிழலா இருக்கு, இப்படி வாங்க" என்றாள் கவிநிலா.

"எனக்கு இதான் தோதா இருக்கு."

பரங்கிப்பேட்டை தாண்டியது, கொள்ளிடம் கலக்கும் இடம் தாண்டியது, அவர் அசையவில்லை. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அவர் அங்கிருந்தபடியே எனக்கு எலுமிச்சம்பழம் நீட்டினார். பொய் சொன்னவளுக்கு எலுமிச்சம்பழம் என்று நினைத்தபோது கூடுதலாகக் குமட்டியது.

பிற்பகலில், தரங்கம்பாடிக்கு நேராகக் காற்று நின்றது. சுத்தமாக நின்றது. பாய் துவண்டு தொங்கியது. இன்ஜின் இருக்கிறதே என்றேன். எடை கூடும் என்று எண்ணெய் பாதிதான் போட்டாராம், அது கடலூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்து வெளியே வருவதற்கே தீர்ந்துபோயிற்றாம். "பாய்மரப் படகுல இன்ஜின் போடறதே கேவலம்" என்றார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் நாத்தனார் இருப்பதால் முழுங்கினேன். அவர் முழுங்கவில்லை. தம்பியைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினார். மனசுக்கு இதமாக இருந்தது.

அப்போது என் போன் அடித்தது. அண்ணன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை.

"எங்க நிக்கறீங்க?"

"தரங்கம்பாடிகிட்ட. காத்து இல்லண்ணா."

"கூட யாரோ இருக்காங்கன்னு வீட்டுல சொன்னாங்க. படம் பாத்தாங்களாம்."

இவர் மறுபடியும் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்.

"மாப்ள அக்காதான? நேத்து அவங்க வீட்டுலதான் தங்கினீங்களா?" ஆமாம் என்றேன். "சரி. அவங்களுக்கு வச்சாச்சு" என்றான்.

"வைக்கலண்ணா! சத்தியமா வைக்கல!" நான் கத்தியதில் கவிநிலா திடுக்கிட்டு எழுந்தாள். அண்ணன் நம்பவில்லை. யாராக இருந்தாலும் நம்ப மாட்டார்கள். ஒரு ராத்திரி தங்கி, சாப்பிட்டுவிட்டு, பத்திரிகை வைக்காமல் வந்தோம் என்றால் யார் நம்புவார்கள்?

நாத்தனார் என் கையிலிருந்து போனை வாங்கினார். "ஏங்க, நான் அஞ்சலாட்சி பேசறேன். காலையில அஞ்சு மணிலேருந்து பத்திரிகை மேலதான் உக்காந்துகிட்டு வரேன். ஏறும்போதே பாத்தேன், மஞ்சக் கவரு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குது. உங்களுக்கு வச்சாதான் எனக்குன்னு இவ வாயத் தொறக்காம வரா. எனக்கு இடுப்பு ஒடிஞ்சி போவுது. சீக்கிரமா வந்து வாங்கிக்கிறீங்களா?"

அண்ணன் போனை வைத்துவிட்டான். நான் நாத்தனார் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. "தெரிஞ்சே ஏன் அண்ணி மேலயே உக்காந்தீங்க?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டேன். "நான் ஒக்காரலன்னா நீ நாள் முழுக்க அத மறைச்சிகிட்டே நின்னிருப்ப" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் தெற்கேயிருந்து ஒரு மீன்பிடிப் படகு வந்தது. இன்ஜின் பக்கம் ஒருத்தர். முன்னால் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு அண்ணன். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்குத் தெரியாமலே நரைத்திருக்கிறது. எங்கள் படகின் விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, கயித்தப் போடுங்க. கட்டி இழுத்துகிட்டுப் போறேன்" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

நான் அதற்குள் தட்டை எடுத்துவிட்டேன். வெற்றிலை வாடிவிட்டது, வாழைப்பழம் கறுத்துவிட்டது, நடுவில் முதல் பத்திரிகை.

"இங்கயா?" என்றான் அண்ணன். "வீட்டுக்கு வந்து மொறையா வை. நடுக்கடல்ல வாங்கறதுக்கு நான் என்ன மீனா?"

அவ்வளவுதான். இரண்டு நாளாக முழுங்கியதெல்லாம் எனக்கு வெளியே வந்தது.

"மொற, மொதல்லு, கடைசி, வீடு, போனு! போதும்ண்ணா! அஞ்சு வருசம் என் வாசப்படிய மிதிக்காம இருந்தது எந்த மொற? இவங்ககிட்ட பொய் சொல்லிட்டு இவங்க ஊட்டுலயே சாப்ட்டேன். இந்தப் படகுல கொடல் வெளிய வர்ற அளவுக்கு வாந்தி எடுத்தேன். எல்லாம் உனக்கு மொதல்ல வைக்கணும்னுதான். இப்ப வாங்கறியா, தண்ணியில போடட்டுமா?"

தட்டை நீட்டியபடி நின்றேன். படகு ஆடியது, குங்குமம் என் கையில் கொட்டியது.

அண்ணன் என் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தான். விளிம்பை விட்டான். இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான்.

பிடிக்க ஆள் இல்லாமல் இரண்டு படகும் மெதுவாக விலக ஆரம்பித்தன. ஒரு முழம், இரண்டு முழம். "வரேம்மா" என்றான் அண்ணன். "மொத ஆளா வரேன்." அவன் அழுதான். நானும் ஓவென்று அழுதேன். நாத்தனார் எழுந்து நின்று, புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

இவர் மட்டும், கயிற்றை யாராவது வாங்குங்கள், கயிற்றை வாங்குங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்.